எடுக்காத கை

குரு என்றதும் நீங்கள் தாடியைத் தேடுவீர்கள். தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் மரியபுஷ்பம். இலங்கையில், ஹட்டனுக்கு மேலே, ஊத்துமலைத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். விடிந்ததும் தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை பிள்ளைகள் இருக்கிற இடம்தான் பிள்ளைக் காம்பரா.

சிஷ்யைக்கு ஐம்பத்து நான்கு. வேதவல்லி, திருச்சிக்காரி. கல்லூரியில் மனையியல் பேராசிரியையாக இருந்தவள். குழந்தை வளர்ப்பு என்ற பாடத்தை இருபத்தாறு வருஷம் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக மூன்று மாதச் சேவைக்குக் கடல் தாண்டி வந்திருந்தாள்.

"இங்க இவங்க சொல்றதுதான் சட்டம்" என்று மரியபுஷ்பத்தைக் காட்டிவிட்டு நிறுவனத்துக்காரர் வேனில் ஏறிப் போய்விட்டார்.

"அப்போ நீங்க குரு, நான் சிஷ்யை" என்று வேதவல்லி சிரித்தாள். தன்னைவிட இருபது வயது சின்னவளிடம் அப்படிச் சொன்னது அவளுக்கே பெருந்தன்மையாகப் பட்டது. படித்தவர்களுக்கு இந்த மாதிரிப் பெருந்தன்மை தாராளமாக வரும்.

மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. "சரிங்க அக்கா" என்றாள்.

அன்றைக்கே சிஷ்யை முதல் கேள்வியைக் கேட்டாள்.

"பிள்ளைங்களோட நெருங்கிப் பழகணும்னா என்ன செய்யணும் டீச்சர்?"

மரியபுஷ்பம் ஒரு பழைய வேட்டியை நாலாகக் கிழித்து அவள் கையில் கொடுத்தாள்.

"மூக்கு ஒழுகுற புள்ளைக்குத் தொடச்சி விடுங்க. பத்தொன்பது மூக்கு இருக்கு."

வேதவல்லி துடைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, முகம் சுளிக்காமல்தான் துடைத்தாள். ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகள் தூங்குகிற மதிய வேளையில் மறுபடி போய் உட்கார்ந்தாள்.

"பத்தொன்பது பேரோட பேரும் எனக்குத் தெரியும் டீச்சர். யாருக்கு என்ன பிடிக்கும்னுகூடத் தெரியும்."

"நல்லது. அம்மாமார் பேரு?"

"அது பதிவேட்டுல இருக்குமே."

"இருக்கு" என்று சொல்லிவிட்டு மரியபுஷ்பம் அரிசி களையப் போய்விட்டாள்.

இதை ஒரு கேள்வி என்றே வேதவல்லி எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாமார் என்றால் காலையில் மழைக்கு இடுப்பில் படங்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வந்து, பிள்ளையை இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறவர்கள். அவர்களிடம் பேச எங்கே நேரம்? அவள் வந்தது பிள்ளைகளுக்காக.

பிள்ளைகள் முதலில் அவளை அம்மாச்சி என்று கூப்பிட்டார்கள். தாயைப் பெற்றவளை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது. மாதம் தவறாமல் தலைக்கு மை போடுகிறவளுக்கு அது பொறுக்குமா? "அம்மாச்சி இல்ல கண்ணு, ஆன்ட்டின்னு கூப்பிடணும்" என்று ஒரே நிமிஷத்தில் திருத்திவிட்டாள். பத்தொன்பது வாயும் ஆன்ட்டிக்கு மாறின.

மூன்றாவது வாரம் ஒரு வாய் மட்டும் மறுபடி மாறியது. அபிஷிகா. நாலரை வயது. அவள் வேதவல்லியை அம்மா என்று கூப்பிட்டாள்.

இதைத் திருத்த வேதவல்லிக்கு நேரமே கிடைக்கவில்லை. ஏழு வாரமாகக் கிடைக்கவில்லை.

அபியைப் பெற்றவள் லோகேஸ்வரி. குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. அபிக்கு இரண்டு வயது முடிந்த கையோடு போனவள். பிள்ளை எழுந்தால் அழும் என்று, தூங்கும்போதே கிளம்பிவிட்டாள். அப்பா கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், தீபாவளிக்கு வருவார். அபி இருப்பது அத்தையிடம். அத்தைக்கும் மூன்று பிள்ளைகள், மலை வேலை வேறு.

அப்படிப்பட்ட பிள்ளை ஒட்டிக்கொண்டால் யாருக்குத்தான் உருகாது? வேதவல்லி ஊட்டினால்தான் அபி சாப்பிட்டாள். வேதவல்லியின் சேலைத் தலைப்பில்தான் தூங்கினாள். முதல் தடவை தூங்க வைத்தபோது அபியே அவள் விரல்களைப் பிடித்து இழுத்துத் தன் இடது காது மடலில் வைத்துக்கொண்டாள். தேய்த்துவிட வேண்டுமாம். இத்தனை பேர் இருக்க என்னிடம் மட்டும் இதைக் கேட்கிறதே என்று வேதவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் கோலத்தில் ஒரு படம் எடுத்து, கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'கடல் தாண்டிக் கிடைத்த மகள்' என்று கீழே எழுதினாள். தோழிகள் உருகி உருகிப் பதில் போட்டார்கள். ஒருத்தி, நீதான் உண்மையான தாய் என்று எழுதினாள். அதை வேதவல்லி இரண்டு தடவை படித்தாள். சரி, மூன்று தடவை.

மரியபுஷ்பம் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அபியோட அம்மா வீடியோ கால் எடுப்பா. அந்த நேரம் லயத்துப் பக்கம் நடக்கப் போகாதீங்க."

"ஏன் டீச்சர்?"

"நடக்கிறதுக்கு வேற பாதை இருக்குதானே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வேதவல்லி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற அந்த லயத்துப் பக்கம்தான் நடந்தாள். வேண்டுமென்றா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். கோயிலுக்குப் போகிற வழி அதுதான் என்று ஒரு காரணமும் கையில் வைத்திருந்தாள். அவள் குரல் கேட்டதும் அபி ஃபோனைப் பாயில் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். உள்ளே பாயில் கிடந்த ஃபோன், "அபி… அபிக்குட்டி… எங்க போயிட்ட?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வேதவல்லி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பத்தாவது வாரம் லோகேஸ்வரி வந்தாள். முப்பது நாள் லீவு. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வருஷம்.

வந்த அன்றைக்கே, குளித்த ஈரம் காயாத தலையோடு, மகளைக் கூட்டிப்போகப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து நின்றாள். புதுச் சுடிதார். கையில் பிள்ளை உயரத்துக்கு ஒரு பொம்மை. வாசலில் நின்று, "அபி" என்றாள். பொம்மையை முன்னால் நீட்டினாள்.

அபி வேதவல்லியின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். சேலையை விலக்கி ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது யாரு?" என்று வேதவல்லியைக் கேட்டாள்.

வேதவல்லி சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாள். "அம்மாடா கண்ணு. உன்னோட அம்மா வந்திருக்காங்க பாரு. போ, போய்க் கட்டிக்கோ" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. கை மட்டும் பிள்ளையின் தோளை விட்டு வரவில்லை. வாய் போ என்றது. கை பிடித்துக்கொண்டிருந்தது.

லோகேஸ்வரி அந்தக் கையைப் பார்த்தாள். மரியபுஷ்பமும் பார்த்தாள். பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, "பரவால்லங்க மேடம், பழகினதும் வருவா" என்று லோகேஸ்வரி போய்விட்டாள்.

பழகவில்லை. வீட்டில் அபி லோகேஸ்வரி கையால் ஒரு வாய் வாங்கவில்லை. அவள் பக்கத்தில் படுக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரமானால், இந்தியா அம்மாவிடம் போக வேண்டும் என்று அழுகை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு வேதவல்லி தங்கியிருந்த அறைக்கே வந்துவிட்டாள். வேதவல்லி வாங்கி மடியில் போட்டு, காதைத் தேய்த்து, ஐந்து நிமிஷத்தில் தூங்க வைத்தாள். தூங்கிய பிள்ளையை அத்தை தூக்கிப் போனாள். இப்படி ஐந்து நாள்.

பாவம் அந்தப் பெண் என்று வேதவல்லி தினமும் சொன்னாள். உண்மையாகவே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தை வருகிற நேரம் நெருங்கினால் அவள் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் நாள் மதியம், பிள்ளைகள் சாப்பிட்ட தட்டுகளை இரண்டு பேரும் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க டீச்சர்."

"அபி அவ அம்மாகிட்டப் போக மாட்டேங்கிறது உங்களுக்கு சந்தோஷமா இருக்கா?"

சேச்சே என்று சொல்ல வாயைத் திறந்தாள் வேதவல்லி. மரியபுஷ்பம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பொய் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

"கொஞ்சம்" என்றாள் வேதவல்லி.

சொன்னதும் காதெல்லாம் சுட்டது. ஐம்பத்து நான்கு வயதில், அரசாங்கப் பரிசு வாங்கிய பேராசிரியை, பரீட்சையில் பிட் அடித்துப் பிடிபட்ட பெண்ணைப் போல எச்சில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வகுப்பில் பிடிபட்ட பெண்களை அவள் என்னவெல்லாம் பேசியிருக்கிறாள்!

"கொஞ்சம் இல்ல டீச்சர். நிறைய" என்றாள் பிறகு.

மரியபுஷ்பம் தட்டுகளை அடுக்கினாள்.

"அசிங்கமா இருக்கு. நான் நாளைக்கே கிளம்பிடறேன். கொழும்புல ஒரு வாரம் இருந்துட்டு ஊருக்குப் போயிடறேன். நான் கண்ணுல படலைன்னா அவ அம்மாகிட்டப் போயிடுவா."

"போங்க. தூங்கிறப்ப ஒரு அம்மா போனா. இப்ப இன்னொண்ணும் போகட்டும்."

வேதவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. ஈரக் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் என்னதான் செய்யணும்?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"உங்களுக்கே தெரியலைன்னா யாருக்குத் தெரியும்?"

"லோகாவுக்குத் தெரியும். போய்க் கேளுங்க."

"அவங்ககிட்டயா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய்க் கேக்கிறது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான்."

லோகேஸ்வரியின் வீடு லயத்தில் நாலாவது காம்பரா. வேதவல்லி போனபோது அவள் வெளியே குந்தி உட்கார்ந்து மகளின் செருப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"உக்காருங்க மேடம். சாயத்தண்ணி ஊத்துறேன்."

அபி அத்தை பிள்ளைகளோடு குழாயடியில் இருந்தாள். வேதவல்லி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள். லோகேஸ்வரி தேநீரைக் கொடுத்துவிட்டு, உட்காராமல், சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"புள்ளய நல்லாப் பாத்துக்கிட்டீங்க. கேள்விப்பட்டேன். ரொம்ப உபகாரம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த உபகாரத்தைத் தாங்க முடியவில்லை.

"லோகேஸ்வரி, அன்னைக்கு நீங்க வந்தப்போ நான் அவளைப் போகச் சொன்னேன். ஆனா கையை எடுக்கல."

"பாத்தேன்."

"ஃபோன்ல நீங்க கூப்பிட்டுக்கிட்டு இருந்தப்பவும் நான்தான் வாசல்ல இருந்தேன்."

"அதுவும் தெரியும். உங்க குரல் கேட்டிச்சு."

லோகேஸ்வரி குழாயடியைப் பார்த்தாள்.

"நானும் கைய எடுக்காமத்தான் இருந்தேங்க மேடம். கொஞ்ச காலம்."

"எங்கே?"

"அங்க, குவைத்துல. ரெண்டு புள்ளைங்க. சின்னவன் பேரு நாசர். கைக்குழந்தையில இருந்து நான்தான். அவன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில வேலை, பொழுதுபட்டுத்தான் வருவாங்க. வந்து கைய நீட்டினா அவன் போக மாட்டான். என் கழுத்தக் கட்டிக்குவான். எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு குளுமை. எம்புள்ள எங்கயோ கெடக்கு, இவனாச்சும் என்னைத் தேடுறானேன்னு. போடா போடாம்பேன். கைய எடுக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"ஒருநா சாயங்காலம் கார் சத்தம் கேட்டிச்சு. ஆள் உள்ள வரல. மாடியில இருந்து எட்டிப் பாத்தேன். அந்தம்மா காருக்குள்ளயே உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தாங்க. வீட்டுக்குள்ள வரதுக்கு அவங்களுக்குப் பயம். அவங்க வீடு."

குழாயடியில் அபி எதற்கோ கத்தினாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, தண்ணீர் தெளிக்கிற விளையாட்டு.

"அதுக்குப் பொறவு கார் ஹாரன் கேட்டா நான் சமைக்கிற குசினிக்குள்ள போயி கதவச் சாத்திருவேன். அவன் வந்து தட்டுவான். பேரச் சொல்லிக் கூப்பிடுவான். தண்ணிக் குழாயத் தொறந்து விட்டுக்குவேன், காதுல விழாம இருக்கட்டும்னு. எட்டொம்பது நாள் தட்டினான். பொறவு தட்டல."

"ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்."

"தட்டினப்ப ஒண்ணும் இல்லங்க மேடம். தட்டாத நாள்தான்."

இருபத்தாறு வருஷம் நடத்திய பாடத்தில் இது எந்த அத்தியாயத்திலும் இல்லை. இரண்டு பேரும் ஒரே காரியத்துக்குத்தான் கடல் தாண்டிப் போயிருந்தார்கள். ஒருத்திக்கு வாட்ஸ்அப்பில் பாராட்டு. இன்னொருத்தி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் என்ன செய்யட்டும் லோகா?" என்று கேட்டாள். அது எப்படி லோகாவாக மாறியது என்று அவள் கவனிக்கவில்லை.

"போயிறாதீங்க. போனா புள்ள தேடும். அங்கயே இருங்க, ஆனா கைக்கு எட்டாம இருங்க. நாளைலேர்ந்து நானும் காம்பராவுக்கு வந்து உக்காரட்டுமா? டீச்சர்கிட்டக் கேக்கிறேன். எனக்கு அவளப் பத்தி ஒண்ணுமே தெரியாது மேடம். என்ன சாப்பிடுவா, எதுக்கு அழுவா, எந்தப் பாட்டு. உங்களுக்குத்தான் தெரியும். சொல்லிக் குடுங்க."

வேதவல்லி சொல்லிக் கொடுத்தாள். பருப்பை மசித்துத்தான் பிசைய வேண்டும். நாய் குரைத்தால் பயம். யானைப் பாட்டில் மூன்றாவது வரி வந்ததும் கன்னத்தை உப்ப வேண்டும், இல்லாவிட்டால் முதலிலிருந்து பாடச் சொல்லுவாள். தலை வாரும்போது வலதுபக்கம் வலிக்கும், அங்கே ஒரு பழைய தழும்பு. லோகேஸ்வரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தழும்பைச் சொன்னபோது மட்டும், "அது எப்ப?" என்று கேட்டாள். வேதவல்லிக்குத் தெரியவில்லை.

எல்லாம் சொல்லி முடித்து எழுந்து, லயத்தைத் தாண்டி, சரிவில் பாதி தூரம் இறங்கிவிட்டாள். அங்கே நின்றாள். ஒன்றைச் சொல்லவில்லை. மறந்து போய் இல்லை. அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அட, நீ என்ன பிறவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, மூச்சு வாங்க மறுபடி மேலே ஏறினாள்.

லோகேஸ்வரி அங்கேயே நின்றிருந்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு லோகா. தூங்க வைக்கிறப்போ இடது காது மடலைத் தேய்ச்சு விடணும். மெதுவா, ரெண்டு விரலால. அப்பதான் தூங்குவா. இதை நான் வேணும்னேதான் சொல்லாமப் போனேன்."

லோகேஸ்வரி கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இன்னமும் கேக்கிறாளா அதை?"

"தினமும் கேப்பா. ஏன்?"

"பால் குடிக்கிறப்ப நான் பழக்கினதுங்க மேடம் அது."

அன்றைக்கு வேதவல்லி கீழே எப்படி இறங்கி வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அறைக்குப் போய் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள். அபியின் கண்கள் மூடியிருந்தன. காதில் இருந்த விரல் யாருடையது என்று அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? குழுவில் போட்டதை அழித்தாள். தோழிகள் ஏன் என்று கேட்டார்கள். அவள் பதில் போடவில்லை. கேட்டவர்களிடம் சொல்லுகிற மாதிரியா இருந்தது விஷயம்.

மறுநாளிலிருந்து லோகேஸ்வரி பிள்ளைக் காம்பராவுக்கு வந்து பாயில் உட்கார்ந்தாள். வேதவல்லி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்தொன்பது பிள்ளைகளுக்கும் சோறு, பருப்பு, கீரை எல்லாம் இனி அவள் பொறுப்பு. வாழ்க்கையில் அத்தனை தேங்காய் அவள் துருவியதில்லை. மரியபுஷ்பம் அவ்வப்போது உள்ளே வந்து அரிசியில் கல் பொறுக்கிக் கொடுத்தாள்.

முதல் நாள் அபி கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து போனாள். "அம்மா, தொற. அம்மா, நான் அபி" என்றாள். உள்ளே இருப்பவளுக்கு யாரென்று தெரியவில்லையோ என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. வேதவல்லி துருவலை நிறுத்தவில்லை. துருவியில் ஒரு விரலைக் கிழித்துக்கொண்டாள்.

"அழுறா டீச்சர்."

"கேக்குது."

"அந்தப் பொண்ணு என்ன செய்யுது?"

"பாயில உக்காந்திருக்கா. கூப்பிடல. உக்காந்திருக்கா."

இரண்டாம் நாளும் தட்டினாள். மூன்றாம் நாள் தட்டிவிட்டுக் கதவோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் வேதவல்லி. அன்றைக்கு மதியம் கதவுக்கு வெளியே லோகேஸ்வரியின் குரல் மெதுவாக யானைப் பாட்டைப் பாடியது. மூன்றாவது வரிக்கு அப்புறம் நின்றது. பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தது. கன்னத்தை உப்ப மறந்திருப்பாள். வேதவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதையும் வெளியே விடாமல் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

நாலாம் நாள் ஒரே ஒரு தட்டு. ஐந்தாம் நாள் தட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் காலடிச் சத்தம் விலகிப் போனது. லோகேஸ்வரிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

ஆறாம் நாள் தட்டல் இல்லை.

பத்து மணிக்கு இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. வேதவல்லி பருப்பை இறக்கி வைத்தாள். கீரையை நறுக்கினாள். நறுக்கியதையே மறுபடி நறுக்கினாள். வெளியே பிள்ளைகள் சாப்பிடுகிற சத்தம் கேட்டது, தட்டுகளை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு பாய் விரித்தார்கள். எல்லாம் அடங்கியது. அந்த அடக்கத்துக்குள்ளேயிருந்து அபியின் சிரிப்புச் சத்தம், தூக்கம் கலந்த குரலில், ஒரு தடவை கேட்டது.

வேதவல்லி எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கதவருகே போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மரியபுஷ்பம் தலையைத் தூக்கவில்லை.

"எங்க அக்கா?"

"சும்மாதான். இன்னைக்கு அழுதாளான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"அழல."

"சாப்பிட்டாளா?"

"லோகா ஊட்டினா. ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டா."

"தூங்கிட்டாளா?"

"இன்னும் இல்ல. லோகா மடியில படுத்திருக்கா."

"அப்போ ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்துக்கிறேன் டீச்சர். தூரத்துல நின்னு."

மரியபுஷ்பம் ஒரு கல்லை எடுத்துப் போட்டாள்.

"கதவத் தொறந்தா புள்ள உங்களப் பாக்கும். பாத்தா எந்திரிச்சு ஓடி வருவா, இல்லாட்டி அங்கயே படுத்திருப்பா. ரெண்டுல எது வேணும்னு தொறக்கப் போறீங்க அக்கா?"

வேதவல்லி தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றாள். மரியபுஷ்பம் அரிசியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.